தட்டைக் கோடு

திரையில் ஒரு கோடு தட்டையாகப் போவதைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஓர் உயிர் போனதாக அர்த்தம். எனக்கோ அது வந்தால்தான் வேலையே ஆரம்பம். நான் ரத்தக் குழாய்களை அளக்கிறவள். பெரிய குழாய்களை அளக்க மெஷின்கள் இருக்கின்றன. நான் அளப்பவை கால் மில்லிமீட்டர் அகலமுள்ளவை. வெறும் கண்ணுக்கு ஒரு நூல் துணுக்கு மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று தும்மினால் அன்றைய வேலை காலி.

காலையில் ஒரு டாக்டர் நோயாளிக்கு ஊசி போட்டு, மரத்துப்போன இடுப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கொழுப்புத் துண்டை வெட்டி எடுப்பார். அது ஐஸில் வைத்த குப்பியில் என்னிடம் வரும். நான் மைக்ராஸ்கோப்பின் கீழே கொழுப்பை உரித்து, உள்ளே ஒளிந்திருக்கும் குழாயைக் கண்டுபிடித்து, அதன் துவாரத்துக்குள் முடியை விட மெல்லிய இரண்டு கம்பிகளை நுழைப்பேன். பிறகு உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புத் தண்ணீரில் அதைக் கட்டி வைப்பேன். குழாய் இறுகினால் கம்பி இழுபடும். எவ்வளவு இழுபடுகிறது என்பதைத் திரையில் கோடாகப் பார்க்கலாம்.

அரை மணி நேரத்தில் அது விழித்துக்கொள்ளும். இந்த வார்த்தையை எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டர் முன்னால் சொல்ல மாட்டேன், சிரிப்பார். ஆனால் வேறு என்ன சொல்வது? உடம்பை விட்டு வந்து மூன்று மணி நேரமான துண்டு, யாரும் எதுவும் செய்யாமலேயே இறுகும், தளரும், மறுபடி இறுகும். திரையில் இருபது விநாடிக்கு ஒரு சின்ன அலை எழும். அதன் சொந்தக்காரர் அந்நேரம் ஆபீசில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். தன்னுடைய ஒரு துண்டு இங்கே எனக்கு முன்னால் மூச்சு வாங்குவது போல அசைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இருபது வருடம் ஆகிறது, இன்னும் அந்த முதல் அலை வரும்போது எனக்குப் பின்கழுத்து சிலிர்க்கும்.

அலை போடுகிற குழாயை அளக்கக் கூடாது. இறுகியிருக்கும்போது சுவர் தடிப்பாகவும் துவாரம் சின்னதாகவும் காட்டும், அது பொய்க் கணக்கு. அதனால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, கால்சியம் இல்லாத உப்புத் தண்ணீரை ஊற்றுவேன். கால்சியம் இல்லாமல் தசையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடும். அலை சிறுத்து, கோடு தட்டையாகும். அப்போதுதான் லென்ஸை இறக்கி, துவாரத்தின் அகலத்தில் சுவர் நூற்றுக்கு எவ்வளவு என்று அளப்பேன். சாதாரண ஆளுக்கு ஐந்து, ஆறு. வருடக்கணக்காக பிரஷரைச் சுமந்தவர்களுக்கு எட்டு.

பிரஷர் என்றால் குழாய் ஒருநாள் வெடிக்கும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அதற்குப் பல வருடம் முன்பே சுவர் இடம் மாறிவிடுகிறது. சுவரிலுள்ள செல்களோடு புது ஆட்கள் வந்து சேர்வதில்லை. இருக்கிற ஆட்களே ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்கிறார்கள், நடுவில் வழி குறுகிப் போகிறது. மாத்திரை போட்டால் மூன்றே வாரத்தில் பிரஷர் எண் இறங்கிவிடும். ஆனால் உட்கார்ந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. சில மாத்திரைகளுக்கு ஒரு வருடத்தில் எழுந்து பழைய இடத்துக்குப் போகிறார்கள். சில மாத்திரைகளில் எண் இறங்கிய சேதியே சுவருக்குப் போய்ச் சேர்வதில்லை. எது எப்படி என்று பார்ப்பதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி. பாதிப் பேருக்குப் பழைய மாத்திரை, பாதிப் பேருக்குப் புதியது. தொடங்கும் முன் ஒரு துண்டு, ஒரு வருடம் கழித்து மறுபக்க இடுப்பிலிருந்து ஒரு துண்டு.

எங்கள் அப்பா ஐம்பத்தொரு வயதும் இரண்டு மாதமும் இருந்தார். மாதக் கணக்கு அண்ணனுடையது. பாத்ரூமில் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன இவ்வளவு நேரம் என்று அம்மா தட்டினாள். அண்ணன்தான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான், அவனுக்குப் பதினாறு. ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் நுரை இருந்தது. மூளையில் குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்குப் பன்னிரண்டு. இன்றைக்கும் எந்த வீட்டில் குழாய் திறந்து கிடந்தாலும், கேட்காமல் கொள்ளாமல் போய் மூடிவிட்டுத்தான் உட்காருவேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி ஆழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் கம்பெனி பரிசோதனையில் பிரஷர் நூற்று எழுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்ததும் ஆளே உள்ளே விழுந்துவிட்டான். இருந்த தூக்கமும் போயிற்று.

"தலையணையில காது வெச்சா கேக்குதுடி," என்றான் என்னிடம். "தொம் தொம்னு. அப்பா மாடிப்படி ஏறி வர்ற மாதிரியே. வந்துக்கிட்டே இருக்கார், வந்து சேரமாட்டேங்கறார்."

நான்தான் அவனை ஆராய்ச்சியில் சேர்த்தேன். இங்கே வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களும் சேரலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, அளக்கிறவளுக்கு யாருடைய துண்டு என்று தெரியக் கூடாது. குப்பியின் மேல் எண் மட்டும்தான் வரும். யார் எந்த மாத்திரை என்பதும் கடைசிவரை மூடிய கவரில் இருக்கும். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும், கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவளே நான்தான்.

அண்ணன் வாயில் எதுவும் நிற்காது. திங்கட்கிழமை சாயங்காலம் போன் செய்து, "ஏய் உப்புத்தண்ணி, நாளைக்குக் காலையில என்னை வெட்டுறாங்க," என்றான். போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் ஒரே ஒரு குப்பிதான் வந்தது. எண் முப்பத்துநாலு.

லீவு போட்டிருக்க வேண்டும், டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. என் அண்ணனை வேறு யாரோ கிள்ளிக் கிழித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம், அவ்வளவுதான். கொழுப்பை உரித்தேன். கம்பி நுழைக்கும்போது இருபது வருடத்தில் இல்லாத நடுக்கம். அரை மணி நேரம் கழித்து முதல் அலை எழுந்தது. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்க்க முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தண்ணீரை மாற்றிவிட்டு, அறையில் யாரும் இல்லாததால், "விடுண்ணா," என்று சொன்னேன். கோடு அடங்கியது போல இருந்தது. லென்ஸை இறக்கினேன்.

பதினொன்று!

என் வாழ்நாளில் அத்தனை தடித்த சுவரை அளந்ததில்லை. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் பதினொன்றுதான். பதிவு செய்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அழுதேன்.

அந்த ஒரு வருடத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். அண்ணனுக்கோ மூன்றாவது வாரமே எண் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தான். நான் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவன் சிரித்தால் நெற்றியோரத்தில் நரம்பு புடைக்கும், நான் சோற்றை விட்டுவிட்டு அதையே பார்ப்பேன். அவன் பேசிக்கொண்டே கண்ணைத் தேய்த்தால், கை மரத்துப்போனது என்று சும்மா உதறினால், இதோ வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன்.

"என்னாச்சு உனக்கு, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?" என்பாள் அண்ணி.

ஒன்றுமில்லை என்பேன். தெரிந்திருக்கவே கூடாத ஒன்றை எப்படிச் சொல்வது? வழியில் அப்பா மாதிரி நடை உள்ளவர்களைக் கண்டால் தெருவை மாறிப் போகிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

வருடம் முடிந்து மறுதுண்டு வேறு எண்ணில் வந்த நாள் எனக்குத் தெரியாது. அண்ணன் வாயை அண்ணி கட்டி வைத்திருந்தாள் போல. நான் பாட்டுக்கு எல்லாரையும் போல அதையும் அளந்திருக்கிறேன். கடைசித் துண்டும் முடிந்து, கவரைப் பிரித்து, எண்களுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தபோதுதான் பார்த்தேன். முப்பத்துநாலு. முதலில் பதினொன்று, பிறகு எட்டு. பழைய மாத்திரை.

எட்டு என்பது நல்ல எண் அல்ல. அது தெரிந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு எட்டு தெரியவில்லை, மூன்று இறங்கியது மட்டும்தான் தெரிந்தது. அவரவருக்கு டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூட எனக்குப் பொறுமையில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, சுவர் இறங்கிடுச்சு! உன் குரூப்ல வேற யாருக்குமே இறங்கல. நீதான் ஃபர்ஸ்ட்டு!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அப்பா செத்தபோது கூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். "கேக்கலடி. காது வெச்சுப் பாக்கறேன், கேக்கவே இல்ல. பத்து மணிக்குப் படுத்தா விடிஞ்சுதான் எழுந்திரிக்கறேன்."

அதன் பிறகு நாலு மாதம் எங்கள் வீடுகளில் அப்பா இல்லை. உண்மையிலேயே செத்துப்போனார் என்று தோன்றியது.

நாலாவது மாதம் ஒரு மதியம், பெரிய டாக்டர் என் மேஜைக்கு வந்தார். வெள்ளைக் கோட்டின் பையில் நாலு பேனாவும் ஒரு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அலைகிற பெண்மணி. நல்லவர், ஆனால் எதையும் இரண்டாவது முறை கேட்பார்.

"கட்டுரை அனுப்பணும். முப்பத்துநாலோட முதல் ரெக்கார்டை எடுத்துக் குடுங்க, படத்துக்குப் பக்கத்துல போடலாம். பழைய மாத்திரையில இறங்கின ஒரே ஆள். எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

கம்ப்யூட்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன். ஐந்து மணி நேரக் கோடு ஒரு திரைக்குள் அடங்கிக் கிடந்தது. படத்துக்கு வேண்டியது கடைசிப் பத்து நிமிடம் மட்டும்தான், அளக்கும் முன் தட்டையாகிற இடம். அதை மட்டும் பிடித்துப் பெரிதாக்கினேன்.

அலை இருந்தது.

மறுபடி பெரிதாக்கினேன். இருபது விநாடிக்கு ஒன்று, சின்னதாக, நிதானமாக. தட்டைக் கோட்டில் இருக்கவே கூடாத அலை. அன்றைக்கு முழு நாளையும் காட்டுகிற அளவில் திரையை வைத்திருந்ததால் என் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்திருக்கிறது. மற்ற நாட்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்ப்பவள், அன்றைக்கு மட்டும் திரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நான் "விடுண்ணா" என்று சொன்ன பிறகும் அது விடவில்லை. கால்சியம் இல்லாத தண்ணீரில் எந்தக் குழாயாலும் அப்படிப் பிடித்திருக்க முடியாது. அப்படியானால் அது கால்சியம் இல்லாத தண்ணீரே அல்ல.

எப்படி நடந்தது என்று யோசிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, ஏனென்றால் அது என் பழக்கம்தான். இரண்டு தண்ணீரும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினால் பக்கத்தில் எழுதியது அழிந்துவிடுகிறது என்று நான் மூடியில் எழுதுவேன். கால்சியம் உள்ளதற்கு நீலம், இல்லாததற்குச் சிவப்பு. பாட்டிலில் எழுதுங்கள் என்று பெரிய டாக்டர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இத்தனை வருடமாக இப்படித்தான் செய்கிறேன் என்று இரண்டு முறையும் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மூடியைத்தான் திறப்பேன், அதனால் மாறியதே இல்லை. நடுங்கிய கையோடு இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன்.

ஆக, பதினொன்று என்பது இறுகிய குழாயின் பொய்க் கணக்கு. அவனுடைய உண்மையான முதல் அளவு என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எட்டு மட்டும்தான் மெய். ஒரு வருடம் மாத்திரை போட்ட பிறகும் எட்டு. இறங்கியது என்று சொல்ல எதுவும் இல்லை. நான் ஓடிப்போய்ச் சொன்ன சந்தோஷம் மொத்தமும் என் மூடியில் இருந்து வந்தது.

பெரிய டாக்டரின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன்.

"மூடி மாறியிருக்கும், டாக்டர்."

"மாறியிருக்குமா, மாறிச்சா?"

"மாறிச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "நல்லவேளை, அனுப்பல. முப்பத்துநாலை எடுத்துடலாம். கீழ ஒரு வரி போட்டா போதும், அளவுல கோளாறு, நீக்கியிருக்கோம்னு."

"அது என் அண்ணன், டாக்டர். அவரை எங்க இருந்து நீக்கறது?"

"தெரியும்," என்றார். "பழைய மாத்திரை அவர் சுவருக்கு ஒண்ணும் பண்ணல, அவ்வளவுதான். புதுசுக்கு மாத்திடலாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ஒரு துண்டு எடுத்துப் பாக்கலாம். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. பிரஷர் கட்டுக்குள்ளதானே இருக்கு? மாத்திரை விடாம போட்டுக்கறார்ல?"

"போட்டுக்கறார்," என்றேன்.

"பாத்தீங்களா, நினைக்கறீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் போகும்போது ஒரு கெட்ட எண்ணம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. சொல்லாமலே விட்டால் என்ன? வேறு ஏதாவது காரணம் காட்டி மாத்திரையை மட்டும் மாற்றினால் போதாதா? அவன் தூங்கட்டுமே. அந்த மாடிப்படிச் சத்தத்தை நானே எதற்கு மறுபடி அவன் காதில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும்? இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்போது கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன், சொல்லப்போவதில்லை.

அண்ணி கதவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் நான் வந்ததே அவளுக்கு ஆச்சரியம். அண்ணன் வேலையிலிருந்து வந்து, கூடத்தில் ஃபேனைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நிறைய கிரீஸ். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வெயிலில் வந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறானா அண்ணி?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அதான் நிறுத்தியாச்சே," என்றாள் அண்ணி. "நீதானே சொன்ன, எல்லாம் சரியாப் போச்சு, ஃபர்ஸ்ட்டு வந்துட்டார்னு. மூணு மாசமாச்சு."

"சுவரே சரியாயிடுச்சு, அப்புறம் எதுக்கு வெள்ளையடிக்கணும்?" என்றான் அண்ணன், தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு.

அலமாரியிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, அவன் கையைத் துடைக்கக் கூட விடாமல் பட்டையைச் சுற்றினேன். நூற்று எண்பத்தாறுக்கு நூற்றுப் பன்னிரண்டு. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்த்தேன், நூற்று எண்பத்துநாலு. பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். தலைவலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. அப்படியானால் இப்போதே பழைய மாத்திரையைப் போடச் சொல்லுங்கள், அதில் ஏதாவது வந்தால் நேரே ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் காலையில் முதல் ஆளாக இங்கே என்றார்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "மெஷின் சரியில்ல," என்றான். "சுவர் சரியாயிருந்தா இது எப்படி ஏறும்?"

அப்போது சொன்னேன். பஸ்ஸில் எடுத்த முடிவு அவன் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. நீலம், சிவப்பு, மூடி, அலை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அது யாருடைய துண்டு என்று எனக்குத் தெரிந்திருந்ததையும், அதனால்தான் கை நடுங்கியது என்பதையும் சொன்னேன். அண்ணி ஃபேனின் ஒரு இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அண்ணன் நடுவில் ஒரு கேள்விதான் கேட்டான். "அஞ்சு மணி நேரம் தண்ணியில கிடந்தும் விடலையா அது?"

"விடல."

அவன் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கிரீஸ் கையைக் கழுவுகிறான், நேரமாகத்தான் செய்யும் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி பன்னிரண்டு வயதுக்காரி. அவள் கதவிடம் போய்விட்டாள். நான் இரண்டு கையாலும் கதவை அடித்தேன். "அண்ணா! அண்ணா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அண்ணி என் தோளைப் பிடித்து இழுக்கிறாள், நான் நகரவில்லை.

கதவு திறந்தது. முகம் முழுக்கத் தண்ணீர் சொட்ட நின்றான்.

"சாகல," என்றான். "முகம் கழுவினேன்."

நான் அவனைத் தாண்டிப் போய்க் குழாயை மூடினேன். திரும்பியபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இருந்தது, நான் எதிர்பார்த்த கோபம் அல்ல.

"அந்த நாலு மாசம் நான் தூங்கினேன் தெரியுமா?" என்றான். "பதினாறு வயசுக்கு அப்புறம் முதல் தடவையா. நீ அதைக் குடுத்த, இப்ப நீயே வந்து புடுங்கிட்டுப் போற."

"ஆமாம்ண்ணா."

"நீ சொல்லாம இருந்திருந்தா?"

"தூங்கிக்கிட்டே இருந்திருப்ப," என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான். கழற்றிய ஃபேன் காலடியில் கிடந்தது. நான் பெரிய டாக்டர் சொன்னதைச் சொன்னேன். புது மாத்திரை, அது சுவரையும் இறக்கக்கூடியது, அதைப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆறு, ஆறரைக்கு வந்திருக்கிறது. நாளைக்கே தொடங்கலாம். எண் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் அதை நம்பி நிறுத்தக் கூடாது. ஒரு வருடம் விடாமல் போட வேண்டும், பிறகு இன்னொரு துண்டு.

"இன்னொரு துண்டா," என்றான். "அதை யாரு அளப்பா?"

இதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். "வேற ஆள் அளப்பாங்க. நான் அந்த ரூம் பக்கமே வரமாட்டேன். டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

அவன் தலையை ஆட்டினான். "வேணாம். நீயே அள."

"அண்ணா, நான்தானே தப்பு—"

"நீதான் பண்ண. அதுக்குத்தான் சொல்றேன். வேற யாரா இருந்தாலும் அவங்களுக்கு அது ஒரு நம்பர்தான். மத்தியானம் சாப்பாட்டு ஞாபகத்துல அளந்துட்டுப் போயிடுவாங்க. நீ பயந்து அளப்ப. பத்து தடவ பெருசாக்கிப் பாப்ப." கொஞ்சம் நிறுத்தி, "பயந்துக்கிட்டே அள," என்றான்.

கட்டுப்பாடு அதை அனுமதிக்காது என்று எனக்குத் தெரியும். இது ஆராய்ச்சி அல்ல, இவன் ஒருவனுக்கான அளவு, டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம் என்றும் தெரியும். சரி என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். எதை எண்ணுகிறான் என்று எங்கள் இருவருக்குமே புரிந்தது.

"அடுத்த வருஷம் இதே மாசம்," என்றான். "எனக்கு அம்பத்தொண்ணும் நாலு மாசமும். அப்பாவை விட ரெண்டு மாசம் பெரியவனா இருப்பேன்." சிரித்தான். "இருந்தா வரேன்."

அண்ணி சிரிக்கவில்லை. உள்ளே போய், எங்கேயோ பின்னால் தள்ளி வைத்திருந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். தேதியைப் பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினாள். அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு முறை படித்துவிட்டு, சரி என்றேன். ஒன்றைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள், தண்ணீரைக் கொடுத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டான். அது இறங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.